வேல்யூவுக்குப் பின்னால் ஓர் எஸ்

1

சனிக்கிழமை காலை ஆறு மணி இருபது நிமிடம். சமையலறை ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது, என் மனைவி துணிக்கொடியிடம் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்ததை. ஈரச் சட்டை ஒன்றைத் தோள்களைப் பிடித்து உதறினாள், கொடியில் மாட்டினாள், கிளிப்பைக் குத்தினாள். பிறகு அதன் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து, "எவ்ரிபடி ஈஸ் ஈக்குவல் அண்டர் தி லா" என்றாள். அது என்னுடைய சட்டை.

மெல்போர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில் பதினோரு வருடங்களாக இருக்கிறோம். ஒரு பேருந்துப் பணிமனையில் யார் எந்த வண்டியை எந்த நேரத்துக்கு ஓட்ட வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. அதற்கு முன் காஞ்சிபுரத்தில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். மற்றவர்கள் எழுதியதைக் குறைப்பதற்குச் சம்பளம் வாங்கியவன். மல்லிகா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருக்கிறாள். பல் இல்லாதவர்களுக்கு உப்பு இல்லாமல் சமைப்பதைப் பற்றி அவளிடம் சொந்தக் கருத்துகள் உண்டு.

எனக்கும் மகள் கயலுக்கும் முன்பே குடியுரிமை கிடைத்துவிட்டது. மல்லிகா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். சென்னை விமான நிலையத்தில் நாங்கள் இருவரும் வெளிநாட்டவர் வரிசையில் நிற்போம். அவள் இந்தியர் வரிசையில் நின்று, எங்களுக்கு முன்பே வெளியே போய், பெட்டிகளோடு காத்திருப்பாள். அந்தச் சந்தோஷத்தை விட அவளுக்கு மனமில்லை. இப்போது பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது. செவ்வாய்க்கிழமை குடியுரிமைத் தேர்வு.

நாடாளுமன்றம், கொடி, மாநிலத் தலைநகரம் பற்றிய கேள்விகளில் ஒன்றிரண்டு தவறினாலும் பரவாயில்லை. ஆனால் 'வேல்யூஸ்' என்ற தலைப்பில் ஐந்து கேள்விகள் வரும். ஐந்துக்கும் ஐந்து. நான்கு சரியாகச் சொன்னவர் இந்த நாட்டுக்கு முக்கால்வாசி ஒத்துவருகிறவர் என்று ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

2

இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய தகராறு இருக்கிறது. ஒருமையில் 'வேல்யூ' என்றால் விலை, மதிப்பு. பின்னால் ஓர் எஸ் சேர்ந்தால் விலை போய்விட்டு ஒழுக்கம் வந்துவிடுகிறது: ஒரு மனிதன் எதை நம்பி நடக்கிறான், எதற்காக விட்டுக்கொடுக்க மாட்டான் என்பது. ஆங்கிலக்காரர்கள் இதை எப்படி ஒரே எழுத்தில் சாதித்தார்கள் என்று நாளிதழில் இருந்த காலத்தில் நான் வியந்ததுண்டு, குறிப்பாகப் பக்கம் முடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது.

தமிழில் 'விழுமியம்' என்று போடலாம். ஒரு மேடைப் பேச்சுச் செய்தியில் ஒருமுறை போட்டேன். "விழுமியம்னு போட்டா வாசிக்கிறவன் விழுவான்" என்று சொல்லி தலைமைத் துணை ஆசிரியர் அதை அடித்தார். 'நெறி' என்று மாற்றினேன். பேச்சாளர் கட்சிக்காரர் என்பதால் தலைமைத் துணை ஆசிரியரே அதையும் அடித்து 'கொள்கை' என்று எழுதினார். மறுநாள் அந்தப் பேச்சாளர் கட்சி மாறிவிட்டார்.

மல்லிகாவுக்கு உதவலாம் என்று விழுமியம் என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்து நாக்கில் ழகரம் தங்காது.

"வியுமியமா? எது வியும்?" என்று கேட்டாள்.

வேல்யூஸ் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே அந்தச் சொல் இல்லாத சுவரே இல்லை. எங்கள் பணிமனையில் ஓய்வறைச் சுவரில் நிறுவனத்தின் வேல்யூஸ் நீல எழுத்தில் இருக்கின்றன. காலைக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் ஒன்றைப் படித்துவிட்டுத்தான் வேலை ஆரம்பிப்பார். மரியாதை என்பதைப் படித்த அன்று, படித்து முடித்த கையோடு தாமதமாக வந்த ஓர் ஓட்டுநரைப் பத்து நிமிடம் திட்டினார். ஓட்டுநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பொறுமை அந்தச் சுவரில் கிடையாது.

கயலின் பள்ளியில் மாதம் ஒரு வேல்யூவுக்குப் பரிசு தருகிறார்கள். சென்ற வருடம் அவளுக்குக் கிடைத்தது 'ரெசிலியன்ஸ்', அதாவது எத்தனை பேர் சொன்னாலும் விடாமல் நிற்பது. என் ஊரான உத்திரமேரூரில் அதற்குப் பிடிவாதம் என்று பெயர். பரிசு முதுகில் தருவார்கள்.

3

அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டை எடுத்தபோது மல்லிகாவின் தம்பி தணிகாசலம் கூப்பிட்டான். அவள் பிறந்த ஊரான மாகறலில் அப்போது காலை எட்டு மணி இருக்கும். மல்லிகாவின் கையில் குழம்பு என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தோம்.

"யக்கா, வேல்யூ பாத்தியா?"

"அத்தத்தான் பாத்துக்கினு கீறேன். காலைலருந்து அதே வேலை."

"இன்னா வருது?"

"அஞ்சு வருது. அஞ்சுல ஒண்ணு தப்புனாலும் பூட்ச்சி."

"அஞ்சா? நம்பளுது ஒரே சர்வே நம்பருக்கா. அதுக்கு எப்டி அஞ்சு வரும்? யாரு சொன்னா?"

"யாரு சொல்லுவாங்க, இந்த ஊரு கவர்மெண்டுதான்."

தணிகாசலம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "ஆஸ்திரேலியா கவர்மெண்டுக்கு நம்ப நெலம் எப்டிக்கா தெரியும்?"

அவன் கேட்டது நிலத்தின் கைடுலைன் வேல்யூவை. தமிழில் அதற்கு 'வழிகாட்டி மதிப்பு' என்று பெயர், பதிவு அலுவலகம் ஒவ்வொரு நிலத்துக்கும் வைத்திருக்கிற அரசாங்க விலை. வாழ்க்கைக்கு வழிகாட்டும் மதிப்புகளை மல்லிகா படித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், வழிகாட்டி மதிப்பு என்ற சொல் நினைவுக்கு வந்ததும் எனக்கு விழுமியத்தை மன்னித்துவிடத் தோன்றியது.

குழப்பம் தீர்ந்த பிறகு அவன் விஷயத்துக்கு வந்தான். மாமனார் ஏகாம்பரம் இறந்து ஒரு வருடம் ஆகிறது. வருஷத் திதி முடிந்துவிட்டது. செய்யாற்றங்கரையில் அவர் விட்டுப்போன நிலத்துக்கு வாரிசு இரண்டே பேர், மல்லிகாவும் அவனும். அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். வழிகாட்டி மதிப்பை ஏற்றப் போகிறார்களாம், ஏற்றினால் பத்திரச் செலவு கூடும். அதைவிட அவசரம் ஒன்று இருந்தது. அவள் வேறு நாட்டுக் குடிமகள் ஆகிவிட்டால் ஊரில் அவள் கையெழுத்தே செல்லாது என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

அது தவறு என்று நான் சொன்னேன். டீக்கடையில் வெளியான செய்திக்கு மறுப்பு வெளியிடும் பழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

"நைனாவும் அத்ததானக்கா சொன்னாரு," என்றான் தணிகாசலம். "சாவறதுக்கு மொத நாளு கூட, நெலம் பசங்களுதுன்னாரு. நாந்தான் பக்கத்துல இருந்தேன்." பிறகு, "வெச்சிடறேன், பசங்க இஸ்கூலுக்குப் போற நேரம், இன்னிக்கும் ஸ்பெசல் கிளாஸாம்" என்று வைத்தான்.

4

நான் உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகன். எங்களுக்கு நிலம் கிடையாது. அதனால் நிலத் தகராறுகளைப் பற்றி நடுநிலையோடு என்னால் எழுத முடிகிறது.

கல்யாணத்துக்குப் பின் முதல்முறை மாகறல் போனபோது மாமனார் என்னை வரப்பில் நடத்திக் காட்டினார். பேசுகிறவர் இல்லை. மல்லிகாதான் எனக்கு விளக்கினாள்: இந்த மடையில் தண்ணீர் முதலில் ஏறும், அந்த மூலையில் களை அதிகம், இங்கே நடவு நட்டபோது பாம்பு வந்தது. பத்தாவது முடித்த பிறகு கல்யாணம் வரைக்கும் அவள் அந்த நிலத்தில் வேலை செய்திருக்கிறாள். தணிகாசலம் அப்போது கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். ஆனால் கடைசி மூன்று வருடம் மாமனார் படுத்த படுக்கையாக இருந்தபோது அவரைத் தூக்கியதும் துடைத்ததும் அவன்தான். அவன் மனைவிக்குக் கூட அந்த வேலையை விடவில்லை. நாங்கள் வாரம் ஒருமுறை வீடியோவில் பார்த்தோம்.

அக்கா தங்கைகள் பங்கை எழுதிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். சட்டம் எல்லோருக்கும் தெரியும். சட்டப்படி பங்கு உண்டு, பழக்கப்படி அதைக் கேட்கக் கூடாது. பத்திரம் முடிந்ததும் தம்பி ஒரு நல்ல புடவை எடுத்துத் தருவான், பொங்கலுக்கு வரிசை தவறாமல் வரும், ஊருக்குப் போனால் கோழி அடிப்பார்கள். கேட்ட பெண்ணுக்கும் பங்கு வரும்தான். அதற்குப் பிறகு பிறந்த வீட்டு வாசலில் யாரும் அவளை உள்ளே வா என்று சொல்ல மாட்டார்கள். மல்லிகாவுக்கு முன்னால் இருந்தது இதுதான்: நிலத்தில் அவள் பெயர், அல்லது மாகறலில் அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே உறவு.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் யார் சபைக்கு நிற்கலாம் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பு வெட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசையாக அழைத்துப்போய்க் காட்டுவார்கள். வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. வேல்யூவும் வேல்யூஸும் ஒரே சுவரில், ஒரே உளியால். பிரித்தெழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை கயல் மாதிரிக் கேள்விகள் கேட்டாள். கயலுக்குப் பதினான்கு வயது. தமிழில் கேட்டுக்கொள்வாள், ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் மட்டும் அம்மாவின் தமிழில் பேசுவாள். சோபாவில் சரிந்தபடி போனைப் பார்த்துப் படித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில்.

மல்லிகா நாலைந்து கேள்விக்குள் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டாள். சரியான பதிலைத் தேட வேண்டியதில்லை, தவறான பதில்களைக் கவனித்தால் போதும் என்றாள். பெண் வேலைக்குப் போக யாருடைய அனுமதி வேண்டும் என்று ஒரு கேள்வி. யாருடைய அனுமதியும் வேண்டாம், கணவருடைய அனுமதி, குடும்பத்தில் மூத்த ஆணுடைய அனுமதி என்று மூன்று பதில்கள்.

மல்லிகா சிரித்தாள். "இத்த எழுதுனவன் மாகறல் பக்கம் வந்துட்டுப் போயிக்கிறான்" என்றாள்.

கயல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். மல்லிகா போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே என்னைக் கேட்டாள்:

"ஏங்க, நீங்க பேப்பர்ல இருந்தவருதானே. ஒருத்தனுக்கு ஒரே பையன்னா, அவனப் பசங்கன்னு சொல்லலாமா?"

பன்மை தப்பு, திருத்தியிருப்பேன் என்றேன். எங்கள் பக்கத்தில் பசங்க என்றால் பையன்கள். ஆனால் வீட்டில் இருக்கிற எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துச் சொல்வதற்கும் அதே சொல்தான். ஆண், பெண் பார்ப்பதில்லை. ஆங்கிலத்துக்கு ஓர் எஸ் போல எங்களுக்கு ஒரு 'ங்க'.

"நானும் அத்தத்தான் நெனச்சேன்" என்றாள்.

6

திங்கட்கிழமை மாலை அவளே கூப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன், அதாவது செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தணிகா, நாளைக்கு எனுக்குப் பரிச்சை. நான் கேள்வி கேக்கறேன், மூணு பதிலு சொல்றேன். அதுல ஒண்ண நீ சொல்லு."

"பரிச்சை உனுக்கா எனுக்காக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். பொறந்த வூட்டு நெலத்துல பொண்ணுக்குப் பங்கு கீதா? ஒண்ணு, கீது. ரெண்டு, கீது, ஆனா கேக்கக் கூடாது. மூணு, இல்ல."

தணிகாசலம் நேர்மையானவன். யோசித்தான். "ரெண்டு" என்றான்.

"தப்பு. அடுத்த கேள்வி. நைனா நெலம் பசங்களுதுன்னாரா, பையனுதுன்னாரா?"

"பசங்களுதுன்னாரு. அத்த நாந்தானே உனுக்குச் சொன்னேன்."

"நைனாவுக்கு எத்தினி பையன்?"

"நான் ஒருத்தன்தான்." கொஞ்சம் நிறுத்தி, பிடி கிடைத்தவன் போலச் சொன்னான்: "என் பசங்களச் சொல்லிக்கிறாருக்கா. பேரப் பசங்கள."

"உனுக்கு ரெண்டும் பொண்ணுடா" என்றாள் மல்லிகா.

மறுமுனையில் ஒரு டிராக்டர் போகும் சத்தம் கேட்டது. நான் செய்தித்தாளின் ஒரே வரியை மூன்றாவது முறை படித்தேன். என் மனைவி ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். இருபது வருடம் தலைப்புப் போட்டவனுக்கு முடிவைச் சீக்கிரம் எழுதிவிடும் வியாதி உண்டு.

"இப்ப நானு ஒரு கேள்வி கேக்கறேன்க்கா" என்றான் தணிகாசலம். குரலில் கோபம் இல்லை. "நைனாவ மூணு வருசம் தூக்கி ஒக்கார வெச்சிக் குளிப்பாட்டுனது யாரு? ஒண்ணு, நானு. ரெண்டு, நானு. மூணு, நானு."

போனை வைத்துவிட்டான்.

மல்லிகா மேஜையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த மேஜை. "கரெக்டாத்தான் கேக்கறான்" என்றாள். பிறகு போனை வாயருகே வைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு குரல் செய்தி பேசினாள். நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன், அவள் கண்ணால் உட்காரச் சொன்னாள்.

"தணிகா, ஓட்டறது நீ, அறுக்கறது நீ. நெல்லு ஒரு படி எனுக்கு வேணாம். குத்தக வேணாம், விக்கவும் நான் கேக்க மாட்டேன். நைனாவ நீ பாத்துக்கின, நான் பாத்துக்கில, அத்த நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்தக் கையெழுத்து மட்டும் போட மாட்டேன். பேரு இருக்கட்டும்."

அனுப்பிவிட்டு, கயலைக் கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து கேள்வி கேட்கச் சொன்னாள்.

7

செவ்வாய்க்கிழமை தேர்வு நடந்த அலுவலகத்தில் துணைக்கு வந்தவர்கள் வெளியே உட்கார வேண்டும். எனக்குப் பக்கத்தில் ஒரு சூடானியப் பெரியவர் மருமகளுக்காகக் காத்திருந்தார். வேல்யூஸ் பகுதி கடினமா என்று என்னைக் கேட்டார். பதில்கள் எளிது என்றேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது போல் தலையாட்டினார்.

மல்லிகா வெளியே வந்து ஐந்துக்கு ஐந்து என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள் என்று எழுத மாட்டேன். வரும் வழியில் போனை இரண்டு முறை எடுத்துப் பார்த்தாள்.

தணிகாசலம் தினமும் காலையில் பூப்படம் போட்ட காலை வணக்கம் அனுப்புகிறவன். பல வருடங்களாக அதை அவள் திறந்ததே இல்லை. இப்போது அது நின்றுவிட்டது. தினமும் காலையில் எழுந்ததும் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். முதியோர் இல்லத்தில் அந்த மாதம் உப்புக் கூடியதாக ஒரு புகார் வந்தது. அவள் வேலையில் அது முதல் புகார்.

நடுவில், என்னோடு நாளிதழில் நிருபராக இருந்த கன்னியப்பன் உத்திரமேரூரிலிருந்து பேசினான். ஊரில் புதிதாக ஒரு விளையாட்டு வந்திருக்கிறது என்றான். டீக்கடையில் உட்கார்ந்து யாராவது கேட்கிறார்களாம்: பொண்ணுக்குப் பங்கு உண்டா, ஒண்ணா, ரெண்டா, மூணா? இதைப் பரப்பியது தணிகாசலம்தான். அக்கா தன்னை எப்படி மடக்கினாள் என்று நியாயம் கேட்கத்தான் முதலில் சொல்லியிருக்கிறான். எல்லோரும் ரெண்டு என்று சொல்லி அவனை ஆதரித்திருக்கிறார்கள். அடுத்த நிமிடம், ஒவ்வொருவருடைய பெண்டாட்டியின் பிறந்த வீட்டு நிலத்தைப் பற்றிக் கேட்டபோது எல்லோரும் ஒண்ணு என்றார்களாம். இதில் செய்தி இருக்கிறது, பிரசுரிக்கத்தான் முடியாது என்றான் கன்னியப்பன்.

குடியுரிமை விழாவில் மல்லிகாவுக்கு ஒரு சிறு தொட்டியில் உள்ளூர்ச் செடி கொடுத்தார்கள். எல்லோருக்கும் கொடுப்பார்கள். எங்கே நடுவது என்று ஒரு வாரம் முடிவு செய்யாமல் வைத்திருந்தாள்.

அந்த வாரத்தில் தணிகாசலம் கூப்பிட்டான். நலம் விசாரிக்கவில்லை.

"யக்கா, வி.ஏ.ஓ. ஆபீசுல நிக்கறேன். பட்டா மாத்தறதுக்கு உன் பேரு எப்டிப் போடறதுன்னு கேக்கறாங்கோ. மாமா பேரு போட்டு மனைவின்னு போடறதா, நைனா பேரு போட்டு மகள்னு போடறதா?"

"இன்னாடா திடீர்னு?" என்றாள் மல்லிகா.

"என் சின்னப் பொண்ணு கேக்குதுக்கா, பசங்கன்னா நாங்க இல்லியான்னு. வூட்ல ஒரே பேஜாரு. சீக்கிரம் சொல்லு, பின்னாடி ஆளு நிக்கறாங்கோ."

"மூணாவது பதிலு இல்லியா?"

"இல்ல."

அவள் சொன்னாள். அவன் அதை அங்கிருந்தவரிடம் உரக்கத் திருப்பிச் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

மாகறல் நிலத்தின் பட்டாவை இப்போது இணையத்தில் பார்க்கலாம். உரிமையாளர்கள் பெயர் என்ற தலைப்பின் கீழே இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று, ஏகாம்பரம் மகன் தணிகாசலம். இரண்டு, ஏகாம்பரம் மகள் மல்லிகா.